ஆப்பிரிக்காவில் அடிபம்பு போட நன்கொடை கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தாமிரபரணியான்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசூல் ஓடுகிறது. மலாவியில் ஒரு கிராமத்துக்குப் போர்வெல் போட்டு அடிபம்பு வைத்துத் தருவார்களாம். கல்வெட்டில் எங்கள் பேட்ச் பெயர் வருமாம். தலைக்கு இரண்டாயிரம் ரூபாய், பெரிய தொகை இல்லை. அனுப்பப் போகும் நேரத்தில் ஒரு நண்பன், "அங்கே போட்ட பம்புகளில் மூன்றில் ஒன்று ஓடவில்லை, தெரியுமா?" என்று கேட்டுவிட்டான். அவன் எதற்கும் குறுக்கே பேசுகிற ஆள்தான், ஆனாலும் இந்தத் தடவை உறுத்துகிறது. இங்கே குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். அவன் சொல்வது நிஜமா? நிஜமென்றால் எதனால்? லஞ்சமா?

ஆழ்துளை

நண்பர் சொன்ன எண் காற்றில் வந்ததல்ல. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் 36 சதவீத அடிபம்புகள் ஓடவில்லை என்று 2009இல் ஒரு தொகுப்புக் கணக்கு வந்தது. சுமார் பத்து ஆண்டு கழித்து வந்த கணக்கு, நாலில் ஒன்று என்றது. முன்னேற்றம்தான். ஆனால் இந்தக் கணக்குகள் பலவற்றில் "ஓடுகிறது" என்றால், கணக்கெடுக்கப் போனவர் கைப்பிடியை அடித்தபோது தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். எத்தனை அடிக்குப் பிறகு வந்தது, வறண்ட மாதங்களில் வருமா, போன வருஷம் எத்தனை வாரம் பழுதாகிக் கிடந்தது என்பதெல்லாம் அதில் தெரியாது.

தான்சானியா 2007இல் பெரிய நீர்த்துறைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உலக வங்கியும் பல நாடுகளும் பணம் போட்டன. சில ஆண்டுகளில் கிராமத்து நீர்நிலையங்களை ஊர் ஊராகப் போய்க் குறித்து வந்தபோது, நாற்பது சதவீதத்துக்குக் கிட்ட வேலை செய்யவில்லை. புதிதாகப் போட்டதிலேயே கால்வாசி இரண்டு ஆண்டுக்குள் படுத்துவிடுகிறது என்று அங்கே வேலை செய்த தொண்டு நிறுவனங்களே எழுதின.

லஞ்சம் உண்டா என்றால், உண்டு. நான் கிழக்கு ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் மேற்பார்வையில் இருந்தவன். ஆனால் அங்கே லஞ்சத்தைவிட அதிகம் பார்த்தது கஞ்சத்தனம். தண்ணீர் தட்டினால்தான் பணம் என்று ஒப்பந்தம் இருக்கும். ஒப்பந்தக்காரர் மழைக்காலம் முடிந்த கையோடு, நீர்மட்டம் மேலே இருக்கும்போது ரிக்கை, அதாவது துளை போடும் எந்திரத்தை, இறக்குவார். தண்ணீர் தட்டியதும் நிறுத்திவிடுவார். ஆறு மாதத்தில் மட்டம் இறங்கும், பம்பு வெறும் காற்றை இழுக்கும். ரிக் ஓடும்போது பக்கத்தில் நின்று ஆழத்தை எழுதிக்கொள்ள ஒரு நிலவியல் ஆள் இருந்தால் இது நடக்காது. அந்த ஆளின் சம்பளம் திட்டச் செலவில் "நிர்வாகச் செலவு" என்று வரும். நிர்வாகச் செலவு குறைவு என்று காட்டினால்தான் நன்கொடையாளருக்குப் பிடிக்கும். எனவே முதலில் வெட்டுவது அவரை.

பழைய_ஃபிட்டர்

தம்பி, உங்கள் பேட்ச் பணத்தில் போகிற பம்பு எந்த வகை என்று கேட்டீர்களா? மலாவி என்றால் பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் என்ற வகை. இந்தியா மார்க் டூவாக இருந்தால் அது நம் ஊர்ப் பிள்ளை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

1967 பீகார் பஞ்சத்துக்குப் பிறகு யூனிசெஃப் பாறையைத் துளைக்கும் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. துளை போட்டாகிவிட்டது, மேலே வைத்த பம்பு நிற்கவில்லை. அதெல்லாம் வெளிநாட்டில் ஒரு வீட்டுக்காரன் தோட்டத்தில் அடிக்கிற பம்பைப் பார்த்து வார்த்த வார்ப்பிரும்பு. இங்கே ஊரே சேர்ந்து நாள் முழுக்க அடிக்கும், தாங்குமா? எழுபதுகளின் நடுவில் கணக்கெடுத்தால் முக்கால்வாசி ஓடவில்லை. அப்போது மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பம்பு என்று ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் தொழிற்சாலையில் செய்து செய்து பார்த்து உருவாக்கியதுதான் மார்க் டூ. கைப்பிடியில் பால் பேரிங், கம்பியைத் தூக்க ஒரு செயின், அவ்வளவு எளிது. ஐ.எஸ். 9301 என்று தரநிர்ணயம் வந்தது, யார் செய்தாலும் உதிரி பொருந்தும்.

ஆனால் பம்பு நின்றது பம்பால் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் அதோடு மூன்றடுக்குப் பராமரிப்பு வந்தது. ஊரில் போல்ட் முறுக்க, கிரீஸ் போட, கார்டு எழுத ஒருத்தர். ஒன்றியத்தில் ஒரு ஃபிட்டர். மாவட்டத்தில் வண்டி, பைப்பைத் தூக்கும் முக்காலி, ஆட்களோடு ஒரு குழு. மார்க் டூவில் ஒரு வாஷர் மாற்ற வேண்டுமென்றாலும் கீழே இறங்கியிருக்கும் பைப் மொத்தத்தையும் தூக்க வேண்டும். ஊர்க்காரரால் ஆகாது. வண்டி வந்தே தீரவேண்டும். வண்டியும் சம்பளமும் அரசாங்கத்துடையது. தாமதம் ஆகும், திட்டுவார்கள், எம்.எல்.ஏ. வரைக்கும் போகும், கடைசியில் வண்டி வந்துவிடும்.

ஆப்பிரிக்காவுக்குப் பம்பு போனது. வண்டி போகவில்லை.

சுண்டெலி

ஐயா சொல்வது சுவையாக இருக்கிறது, ஆனால் ஒன்றைப் பூசி மெழுகுகிறீர்கள். ஒரு வாஷர் என்ன விலை இருக்கும்? ஊரில் நூறு குடும்பம் இருந்தால் வீட்டுக்கு ஒரு ரூபாய் போட்டால் முடிந்தது. இலவசமாக வந்ததால் மதிப்பில்லை. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறவர்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கமாட்டார்கள் என்றால் அது யார் குற்றம்?

ஆழ்துளை

சுண்டெலி, இதே வாதம்தான் முப்பது வருஷம் கொள்கையாக இருந்தது. அதன் வரலாற்றைப் பாருங்கள்.

1981 முதல் 1990 வரை ஐ.நா. குடிநீர்ப் பத்தாண்டு. எல்லோருக்கும் குடிநீர் என்று இலக்கு வைத்தார்கள். அதே பத்தாண்டில்தான் ஆப்பிரிக்க அரசுகள் கடனில் மூழ்கின. செலவைக் குறை, ஆளைக் குறை என்று கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். மாவட்ட நீர்த்துறைக்கு வண்டி ஏது, டீசல் ஏது? அப்போது ஒரு யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது: ஊரே பராமரிக்கட்டும். அதற்கேற்ற பம்பையும் உருவாக்கினார்கள். கோயம்புத்தூர் பக்கம் எண்பதுகளில் களச் சோதனை நடத்தி மார்க் த்ரீ வந்தது, பைப்பைத் தூக்காமல் பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாஷர் மாற்றலாம். மலாவியிலும் கென்யாவிலும் ஆஃப்ரிடெவ் உருவானது, ஒரு ஸ்பேனர் போதும். பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை, அதில் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஸ்பேனரோடு மொத்தப் பொறுப்பையும் ஊர்த் தலையில் வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். கிராமக் குழு அமைத்தாயிற்று, இரண்டு நாள் பயிற்சி, கையெழுத்து, போட்டோ.

இப்போது உங்கள் ஒரு ரூபாய்க்கு வருகிறேன். கென்யாவின் குவாலே கடற்கரைப் பகுதியில் எண்பதுகளில் ஆஃப்ரிடெவ் பம்புகள் வைத்தார்கள். பல ஊர்க் குழுக்கள் வசூல் நோட்டுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை எடுத்துப் பார்த்தார்கள். மழை வந்தால் வசூல் விழுகிறது. கூரைத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் கிடைக்கும்போது பம்புக்கு ஏன் நடக்கவேண்டும்? தண்ணீர் உப்புக் கரித்தால் வசூல் விழுகிறது. மாதச் சந்தா இழுபறி. குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் வசூல் நன்றாக வருகிறது, ஆனால் கையில் காசில்லாத வீடு திறந்த கிணற்றுக்கே போய்விடுகிறது. எந்த இடத்தில் மனிதர்கள் புத்தியில்லாமல் நடந்துகொள்கிறார்கள், சொல்லுங்கள்.

இன்னொன்று. வாஷர் விலை பிரச்சினையே இல்லை. பைப் அரித்து ஓட்டை விழுவதும் கம்பி அறுந்து கீழே விழுவதும்தான் பிரச்சினை. அது சில ஆண்டுக்கு ஒருமுறை வரும், வந்தால் ஒரே அடியாகப் பெரிய செலவு. இருநூற்றைம்பது பேர் உள்ள ஊர் அதற்காகப் பெட்டியில் பணம் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் உரம் வாங்கவேண்டும், யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழும். பெட்டியைத் திறக்காமல் இருக்க உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

மீனா_டீச்சர்

இந்த இடத்தில் ராட்டினப் பம்பை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆரம்பித்தது. குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியின் நான்கு பக்கமும் விளம்பரப் பலகை, அதில் வரும் பணத்தில் பராமரிப்பு. 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ்ஷே மேடையில் நின்று 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார். 2010க்குள் பத்து நாடுகளில் 4,000 வைப்பது திட்டம்.

ஒன்றின் விலை 14,000 டாலர் அளவில், சாதாரண அடிபம்பைப் போலப் பல மடங்கு. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்று சொல்லியிருந்தார்கள். பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது: அதற்குக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! மொசாம்பிக்கில் குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு பெண்கள்தான் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழுதானால் ஊரில் யாரும் தொடமுடியாது. நடுக்காட்டில் விளம்பரம் கொடுக்க யார் வருவார்? பலகை காலியாகவே நின்றது. சில இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிவிட்டு இதை வைத்திருந்தார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2010 வாக்கில் அமைப்பு கடையைக் கட்டியது.

ஒரு கிராமத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, "இதை வைக்கவா, பழையதற்கு உதிரிப் பாகம் வாங்கித் தரவா?" என்று கேட்டிருந்தால் அந்த ஒன்றரைக் கோடி டாலர் பேச்சே வந்திருக்காது.

கனகா_ரொறன்ரோ

நீங்கள் எல்லாரும் பம்பையும் பழுதையும் கதைக்கிறீர்கள். சில திட்டம் கட்ட முன்னமே முறியும். யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் குழாயில் கொண்டு வாறதுக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் குடுத்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போன கதை எல்லாருக்கும் தெரியும், தேவை பொய்யில்லை. ஆனால் அந்தக் குளத்தை நம்பி வயல் செய்யிற கிளிநொச்சிச் சனம், கோடைச் சிறுபோகத்துக்கே தண்ணி காணாது எண்டு எழும்பிச்சினம். கடைசியில் திட்டத்தை மாத்தி, தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். மின்சாரச் செலவு எவ்வளவு வரும், அதை ஆர் கட்டுறது என்பது வேற கதை.

என்ரை கேள்வி இதுதான். ஒரு குளத்துத் தண்ணி ஆருடையது எண்டு தீர்க்காமல் குழாய் போட வெளிக்கிட்டால் அதைத் தொழில்நுட்பப் பிழை எண்டு சொல்லலாமோ?

நெறியாளர்

இரணைமடு பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன், இரு பக்க நியாயமும் அங்கே வரட்டும். இங்கே அதைத் தொடர வேண்டாம்.

புனோம்பென்_ரவி

லஞ்சம் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள், யாரும் சரியாகப் பிடிக்கவில்லை. கம்போடியாவில் பல வருஷமாக இருக்கிறேன். 1993இல் புனோம்பென் நகரக் குடிநீர் நிறுவனம் எப்படி இருந்தது தெரியுமா? அனுப்புகிற தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. கசிவும் உண்டு, திருட்டும் உண்டு. ஊழியர்களே கள்ள இணைப்பு விற்றார்கள். எக் சொன் சான் என்ற பொறியாளர் தலைமைக்கு வந்தார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் என்றார். ஒரு ராணுவத் தளபதி வீட்டுக்கு மீட்டர் வைக்கப் போனபோது அந்த ஆள் துப்பாக்கியைத் தலைக்கு நேரே நீட்டினார். இவர் திரும்பிப் போய் ஆயுதம் ஏந்திய காவலர்களோடு வந்து இணைப்பைத் துண்டித்தார். தளபதி பணம் கட்டித்தான் தண்ணீர் வாங்கினார்.

சில வருஷத்தில் 24 மணி நேரமும் தண்ணீர். கணக்கில் வராதது 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது, பல பணக்கார நகரங்களே எட்டாத எண். அவருக்கு 2006இல் மகசேசே விருது கிடைத்தது. தனியாருக்கு விற்கவில்லை. அரசு நிறுவனம்தான். ஆனால் தன் வருமானத்தைத் தானே வைத்துச் செலவழிக்க 1996 வாக்கில் தன்னாட்சி கொடுத்தார்கள். ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை, மீதியைத் தவணையில் கட்டலாம். ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி எல்லாம் பணம் தந்தன. ஆனால் அதே பணம் அதே காலத்தில் வேறு எத்தனையோ நகரங்களுக்கும் போனது.

சுண்டெலி

ரவி, மேலே பிரதமர் ஹுன் சென் போன்ற ஆள் துணை நின்றதால் துப்பாக்கிக்குத் துப்பாக்கி காட்ட முடிந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜனநாயக நாட்டில் தளபதி மச்சானைப் பிடிப்பார், அதிகாரிக்கு மாற்றல் வரும்.

புனோம்பென்_ரவி

மறுக்கவில்லை. ஆனால் ஹுன் சென் துணை நின்ற எல்லாத் துறையும் இப்படி ஆகவில்லையே.

தாமிரபரணியான்

இங்கே நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து வசூல் செய்பவரிடம் கேட்டுப் பார்த்தேன். பழுதானால் யார் சரி செய்வார் என்றதற்கு, "கிராமக் குழு அமைத்துப் பயிற்சி தருகிறோம்" என்று பதில். எத்தனை வருஷம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்றதற்கு, "எங்கள் திட்டக் காலம் பன்னிரண்டு மாதம்" என்று பதில். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒரு கைகூப்பிய எமோஜி. பழுதான பழைய பம்புகளைச் சரி செய்ய இந்தப் பணத்தை எடுத்துக்கொள்வீர்களா என்றேன். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாதே என்று குழுவில் வேறு ஒருவர் வருத்தப்பட்டார்.

பழைய_ஃபிட்டர்

பஸ்ஸை வாங்கிக் கொடுத்து, டிரைவரும் டீசலும் ஊர்ப் பொறுப்பு என்று சொல்வதுபோல இருக்கிறது, தம்பி. பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் ஒரு வாஷர்தான் தேயும். பெரிய பிரச்சினை வரும்போது அவர்கள் வேறு நாட்டில் வேறு கல்வெட்டுக்குச் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆழ்துளை

அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குப் பணம் கொடுப்பவர் கேட்பது "எத்தனை பம்பு போட்டீர்கள்" என்றுதான். ஐந்தாம் வருஷம் ஓடுகிறதா என்று கேட்டால் வேலையும் வேறு மாதிரி நடக்கும்.

நடக்கிற இடங்களும் உண்டு. கென்யாவின் கிடுய் மாவட்டத்தில் க்யூசோ என்ற பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பம்புக் கைப்பிடிக்குள் ஒரு சின்ன மின்னணுக் கருவியை வைத்தார்கள். கைப்பிடி அசைவதை எண்ணி செல்போன் வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பும். அசைவு நின்றால் பழுது என்று தெரியும், மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். முன்பு ஒரு பழுது சரியாகச் சராசரி 27 நாள் ஆனது, சோதனைக் காலத்தில் மூன்று நாளுக்குள் வந்தது. எல்லோரும் அந்தக் கருவியைத்தான் படம் எடுத்தார்கள். என்னைக் கேட்டால் கருவி பாதி விஷயம்கூட இல்லை. பல ஊர்ப் பம்புகளை ஒரே மெக்கானிக் நிறுவனத்தின் பொறுப்பில் சேர்த்துவிட்டார்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு ஊருக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய செலவு நூறு ஊருக்குச் சேர்த்துப் பார்த்தால் வருஷா வருஷம் வரும் வழக்கமான செலவு ஆகிவிடும். பிற்பாடு இதுவே ஃபண்டிஃபிக்ஸ் என்ற பெயரில் கிடுயிலும் குவாலேயிலும் தொடர்ந்தது. ஊர்கள் சிறு கட்டணம் கட்டும், மீதியை ஓர் அறக்கட்டளை நிதி தாங்கும். கட்டணம் மட்டும் முழுச் செலவுக்கும் போதாது. அதை ஒளிக்காமல் சொல்லுகிறார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

தான்சானியாவும் திரும்பிவிட்டது. 2019இல் புதிய சட்டம் போட்டு ரூவாசா என்று கிராமக் குடிநீருக்கென ஓர் அரசு முகமை அமைத்தார்கள். ஊர்க் குழு தன்னந்தனியாகச் சமாளிக்கும் என்ற நம்பிக்கையை அரசே கைவிட்டது என்றுதான் இதைப் படிக்கிறேன்.

மீனா_டீச்சர்

அப்படியானால் ஊர்க் குழுவே வேண்டாம் என்கிறீர்களா? நேபாளத்தில் விவசாயிகள் தாங்களே நிர்வகித்த வாய்க்கால்கள் அரசு வாய்க்கால்களைவிட நன்றாக ஓடின என்று எலினோர் ஆஸ்ட்ரம் காட்டினாரே. நோபல் பரிசு பெற்றவர்.

ஆழ்துளை

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேபாள ஆய்வில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. மண்ணும் கல்லும் மரக்கிளையும் வைத்துக் கட்டிய தலைமதகு வருஷா வருஷம் வெள்ளத்தில் போகும். அதைத் திரும்பக் கட்டக் கடைமடைக்காரனின் உழைப்பு தலைமடைக்காரனுக்கு வேண்டும். அதனால் அவனுக்குத் தண்ணீர் போகும். அரசும் வெளிநாட்டு உதவியும் வந்து கான்கிரீட் மதகு கட்டியபோது கடைமடைக்காரனின் தேவை தலைமடைக்காரனுக்கு இல்லாமல் போனது. பல இடங்களில் கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தது. அங்கே ஊருக்கு நூறு வருஷப் பழக்கமும் விதியும் இருந்தன. நம் பம்புக் குழுவை ஒரு வெள்ளைக் காரில் வந்தவர்கள் ஒரே மதியத்தில் அமைத்தார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றாகிவிடாது.

தாமிரபரணியான், பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மலாவியிலேயே வழி உண்டு. பயிற்சி பெற்ற வட்டார மெக்கானிக்குகள் பல ஊர்களுக்குப் போய்ப் பழுது பார்க்கிறார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கிற அமைப்பாகத் தேடுங்கள். நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலையங்களை வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் அமைப்பு அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்ததா என்று கேளுங்கள். பக்கத்திலேயே பழுதான பம்பு இருக்கும்போது புதுத் துளை எதற்கு?

பழைய_ஃபிட்டர்

ஆழ்துளை தம்பிக்கு ஒரு சந்தேகம். பைப் அரிப்பு என்றீர்களே. நாங்கள் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்தான், இறக்குவோம், வருஷக்கணக்கில் தாங்கும். அங்கே மட்டும் ஏன் அரிக்கிறது?

ஆழ்துளை

ஐயா, தண்ணீர்தான் காரணம். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. பி.எச். 6.5க்குக் கீழே இறங்கினால் துத்தநாகப் பூச்சு நிற்காது, பிறகு இரும்பு கரையும். காலையில் முதல் குடம் செந்நிறமாக வரும். துணி கறைபடும், சமைத்தால் நிறம் மாறும். ஜனங்கள் பழைய குட்டைக்கே போய்விடுவார்கள். பம்பு ஓடும், அடிக்க ஆள் இருக்காது. நிலத்திலேயே இரும்பு அதிகம் என்று அறிக்கை எழுதி அந்தத் துளையைக் கைவிடுவார்கள். பல மணி நேரம் தொடர்ந்து அடித்துவிட்டுத் திரும்பச் சோதித்தால் தெரிந்துவிடும். இரும்பு அளவு நன்றாக இறங்கினால் அது பைப்பிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எண்பதுகளிலேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டு ஜி.ஐ. பைப் இறங்கிக்கொண்டே இருந்தது, விலை குறைவு என்பதால். உகாண்டா அமைச்சகம் 2016இல்தான் நிறுத்தச் சொன்னது.

பழைய_ஃபிட்டர்

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் பைப்தான் போடவேண்டும். அதிலும் கிரேடு பார்க்க வேண்டும், பளபளப்பாக இருப்பதெல்லாம் ஸ்டெயின்லெஸ் இல்லை, காந்தம் ஒட்டவில்லை என்று காட்டியும் ஏமாற்றுகிறார்கள். தாமிரபரணித் தம்பி, அந்த எமோஜிக்காரரிடம் பி.எச். பார்த்தீர்களா, என்ன பைப் இறக்குகிறீர்கள் என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பில் நகலும் கேளுங்கள்.

தாமிரபரணியான்

கேட்டுவிட்டேன் ஐயா. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.